மியூனிக் யூதச் சமுதாய மையமும் யூத வெறுப்புக்கு எதிரான நிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2006ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் ஒரு யூத ஜெப ஆலயம் திறந்துவைக்கப்பட்டது. அதனோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட சமுதாய மையமும் அருங்காட்சியகமும் தொடர்ந்து செயல்படத் தொடங்கின. ஹிட்லரின் கட்சி பிறந்து வளர்ந்த ஊரில், நகரின் நட்டநடுவே இப்படியொரு வளாகம் எழுந்தது எப்படி, யூத வெறுப்பு என்று எதைச் சொல்கிறோம், அதை எதிர்ப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என்னால் இயன்ற விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த வளாகம் எங்கே இருக்கிறது? அதில் என்னென்ன உள்ளன?

மியூனிக்கின் மையமான மரியன்பிளாட்ஸிலிருந்து சில நிமிட நடைதூரத்தில், பெரிய காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில், சங்க்ட் யாகோப்ஸ் பிளாட்ஸ் என்ற சதுக்கம் இருக்கிறது. அங்கே மூன்று தனித்தனிக் கட்டடங்கள் நிற்கின்றன. முதலாவது, 'ஓஹெல் யாகோப்' என்ற ஜெப ஆலயம். இரண்டாவது, மியூனிக் நகராட்சி நடத்தும் யூத அருங்காட்சியகம். இது 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. மூன்றாவது, மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி, இளைஞர் மன்றம், பெரிய அரங்கு, யூத உணவு விதிப்படி சமைக்கும் உணவகம், அலுவலகங்கள் ஆகியவற்றைக் கொண்ட சமுதாய மையம். சார்ப்ரூக்கன் நகரைச் சேர்ந்த வான்டல், ஹோஃபர், லோர்க் கட்டடக்கலைக் குழு மூன்றையும் வடிவமைத்தது.

ஜெப ஆலயத்தின் கீழ்ப்பகுதி சொரசொரப்பான கற்சுவர். எருசலேமில் பழைய யூதக் கோயிலின் எச்சமாக நிற்கும் மேற்குச் சுவரை அது நினைவூட்டுகிறது. அதன்மேல் கண்ணாடியாலும் உலோக வலையாலும் ஆன உயரமான ஒரு பெட்டி நிற்கிறது. பாலைவனத்தில் மோசேயும் மக்களும் தூக்கிச் சென்ற கூடாரத்தின் சாயல் அதற்கு. நகரும் கூடாரத்தையும் நகராத கோயிலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். வாயிற்கதவுகளில் எபிரேய அரிச்சுவடியின் முதல் பத்து எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை பத்துக் கட்டளைகளைக் குறிக்கின்றன.

'ஓஹெல் யாகோப்' என்ற பெயருக்கு என்ன பொருள்?

'யாக்கோபின் கூடாரம்' என்று பொருள். தமிழ் விவிலியத்தில் எண்ணாகமம் 24ஆம் அதிகாரம் படித்தவர்களுக்கு, யாக்கோபின் கூடாரங்கள் எவ்வளவு அழகானவை என்று பிலேயாம் வியக்கும் இடம் நினைவுக்கு வரும். சபிக்க அழைக்கப்பட்ட ஒருவன் வாழ்த்திவிட்டுப் போன கதை அது. ஜெப ஆலயத்துக்குள் நுழையும்போது யூதர்கள் சொல்லும் வேண்டுதல் அந்த வசனத்தோடுதான் தொடங்குகிறது. மியூனிக்கில் ஹெர்சோக் ருடால்ஃப் தெருவில் முன்பு இருந்த ஓர் ஆலயமும் இதே பெயரைத் தாங்கியிருந்தது. அந்த ஆலயம் எரிக்கப்பட்டது. பெயரை மட்டும் மீட்டுப் புதிய கட்டடத்துக்குச் சூட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு நவம்பர் 9ஆம் நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

1938ஆம் ஆண்டு அதே நாள் இரவில், மியூனிக்கின் பழைய நகர மன்றத்தில் கூடியிருந்த நாஜித் தலைவர்களிடையே ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார். அந்தப் பேச்சைத் தொடர்ந்து ஜெர்மனி முழுவதும் ஜெப ஆலயங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. யூதர்களின் கடைகள் உடைக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் கைதுசெய்யப்பட்டு வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கட்டளை புறப்பட்ட ஊரே மியூனிக் என்பதை மறந்துவிடக் கூடாது.

அன்றிரவு, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தையின் கையைப் பிடித்தபடி மியூனிக் தெருக்களில் நடந்தாள். ஹெர்சோக் ருடால்ஃப் தெரு ஆலயம் புகைவிட்டு எரிவதை அவள் கண்டாள். அவள் பெயர் சார்லோட்டே நொய்லாண்ட். பிற்காலத்தில் சார்லோட்டே க்னோப்லோக் என்று அறியப்பட்ட அவர், 1985 முதல் மியூனிக் யூதச் சமூகத்தின் தலைவராக இருந்து, 68 ஆண்டுகளுக்குப் பின் அதே தேதியில், அதே பெயர் கொண்ட புதிய ஆலயத்தின் திறப்பு விழாவை முன்னின்று நடத்தினார். குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர் அவ்விழாவில் கலந்துகொண்டார். ரைகன்பாக் தெருவின் பழைய ஆலயத்திலிருந்து யூத மறைநூலான தோராவின் சுருள்களைக் கையில் ஏந்தி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். தீ வைத்த நாளையே விளக்கேற்றும் நாளாக மாற்றினார்கள் என்றுதான் அந்தத் தேர்வை நான் புரிந்துகொள்கிறேன்.

மியூனிக்கின் பழைய பெரிய ஜெப ஆலயம் என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். ஹெர்சோக் மாக்ஸ் தெருவில், பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், 1887ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தலைமை ஜெப ஆலயம் கம்பீரமாக நின்றது. யூதர்களும் இந்நகரின் குடிமக்களே என்பதற்குக் கல்லில் எழுதிய சாட்சியாக அது இருந்தது. 1938 ஜூன் மாதம் ஹிட்லரின் விருப்பப்படி அதை இடிக்க முடிவாயிற்று. ஜூன் 8ஆம் நாள் சமூகத்தாருக்குச் செய்தி சொன்னார்கள். மறுநாளே இடிப்பு தொடங்கியது. இடையில் கிடைத்த ஓரிரவில் கடைசி வழிபாட்டை நடத்திவிட்டு, தோரா சுருள்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஆலயம் இருந்த இடம் வாகன நிறுத்துமிடமாயிற்று. நவம்பர் இரவுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, பட்டப்பகலில், அலுவலக நடைமுறைப்படி இது நடந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. வெறிபிடித்த கும்பல் ஒன்று வந்துதான் கோயிலை அழிக்க வேண்டும் என்பதில்லை; முத்திரையிட்ட தாள் ஒன்று போதும்.

அந்தக் கற்கள் எங்கே போயின என்பது எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியாமல் இருந்தது. 2023 ஜூன் இறுதியில், நகரின் தெற்கே இசார் ஆற்றின் தடுப்பணையைச் சீரமைத்த தொழிலாளர்கள் நீருக்கடியிலிருந்து செதுக்கு வேலைப்பாடு கொண்ட கற்களைத் தூக்கினார்கள். தூண்களின் துண்டுகளோடு எபிரேய எழுத்துகள் கொண்ட ஒரு பலகையின் பகுதியும் வந்தது. பத்துக் கட்டளைகள் பொறித்த அந்தப் பலகை, தலைமை ஆலயத்தில் தோரா சுருள்களை வைக்கும் புனிதப் பேழைக்கு மேலே இருந்தது. போருக்குப் பின், 1950களில், அணையைப் பலப்படுத்த இடிபாட்டுக் கற்களைக் கொட்டியபோது இவையும் சேர்ந்து போயிருக்கின்றன. 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளையைத் தாங்கிய கல்லின்மேல் அத்தனை ஆண்டுகள் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மக்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். கற்களைக் கொட்டியவர்களும் செதுக்கிய எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள் அல்லவா என்ற எண்ணம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இத்தனை நடந்த பிறகும் யூதர்கள் ஏன் மியூனிக்கில் வாழ்கிறார்கள்?

ஏனெனில் அது அவர்களுடைய ஊர். 1933இல் ஏறத்தாழ 9,000 யூதர்கள் இங்கு இருந்தார்கள். பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். எஞ்சியோரை நாடுகடத்தும் முதல் ரயில் 1941 நவம்பர் 20ஆம் நாள் புறப்பட்டது. அதில் ஏற்றப்பட்ட சுமார் ஆயிரம் பேரும் ஐந்து நாள்களில், லித்துவேனியாவின் கவுனாஸில், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்தபோது எஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும், கிழக்கு ஐரோப்பிய முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்களும் 1945லேயே சமூகத்தை மீண்டும் அமைத்தார்கள். 1931இல் கட்டப்பட்ட ரைகன்பாக் தெரு ஆலயம், சுற்றிலும் குடியிருப்புகள் நெருங்கியிருந்ததால் 1938இல் முழுதாக எரிக்கப்படாமல் தப்பியிருந்தது. 1947 மே மாதம் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள்.

ஆனாலும் அவர்களில் பலர் 'கட்டிய பெட்டியோடு' வாழ்ந்தார்கள் என்பார்கள். இன்றோ நாளையோ அமெரிக்காவுக்கோ இஸ்ரேலுக்கோ போய்விடுவோம் என்ற நினைப்பு அவர்களுக்கு. க்னோப்லோக் அம்மையாரும் அப்படி இருந்தவரே. போர்க்காலத்தில் அவருடைய மாமா வீட்டில் முன்பு பணிசெய்த கிரெசென்சியா ஹும்மல் என்ற கத்தோலிக்கப் பெண், பிராங்கோனியா என்ற பகுதியின் கிராமம் ஒன்றில் அவரைத் தன் சொந்த மகள் என்று சொல்லி மறைத்து வளர்த்தார். மணமாகாத பெண்ணுக்குக் குழந்தையா என்ற ஊர்ப்பேச்சை அவர் ஏற்றுக்கொண்டதால்தான் அந்தக் குழந்தை பிழைத்தது. சார்லோட்டேயின் பாட்டி தெரேசியன்ஸ்டாட் முகாமில் மாண்டார். அத்தகைய ஒருவர், நகர மையத்தில் இந்த வளாகம் எழுந்தபோது, தாம் இப்போதுதான் பெட்டியைப் பிரித்து வைத்ததாகச் சொன்னார். ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

1990க்குப் பின் பழைய சோவியத் நாடுகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் யூதக் குடியேறிகளாகவும் அவர்களுடைய குடும்பத்தாராகவும் ஜெர்மனிக்கு வந்தார்கள். மியூனிக் சமூகம் மீண்டும் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது அவர்களால்தான். மையத்தின் நடைகூடங்களில் ஜெர்மனுக்கு இணையாக ரஷ்ய மொழியும் கேட்பது அதனாலே.

யூத வெறுப்பு என்று எதைச் சொல்கிறோம்? அது ஹிட்லரோடு தொடங்கியதா?

இல்லை. மியூனிக்கையே எடுத்துக்கொள்வோம். 1285ஆம் ஆண்டு, கிறிஸ்தவக் குழந்தையைக் கொன்றுவிட்டார்கள் என்ற பொய்ப்பழியைக் கேட்டு எழுந்த கூட்டம் இவ்வூர் யூதர்களை அவர்களுடைய ஆலயத்துக்குள் வைத்தே எரித்தது. 1442இல் அப்போது இங்கு வாழ்ந்த யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஆலயம் மாதா கோயிலாக்கப்பட்டது. 'ஆண்டிசெமிட்டிசம்' என்ற சொல்லைப் பரப்பியவர் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மானிய எழுத்தாளர், ஆண்டு 1879. மதத்தின் பெயரால் வெறுத்தது பழையதாகிவிட்டது, இனத்தின் பெயரால் வெறுப்பதே அறிவியல் என்று காட்டிக்கொள்ளவே அச்சொல் பயன்பட்டது.

மற்ற வெறுப்புகளில் பெரும்பாலும் வெறுக்கப்படுகிறவனை இழிந்தவன், அறிவற்றவன், அழுக்கானவன் என்பார்கள். யூத வெறுப்பு அதையும் சொல்லும். கூடவே, உலகையே மறைவிலிருந்து ஆட்டிவைப்பவன், வங்கிகளையும் செய்தித்தாள்களையும் கையில் வைத்திருப்பவன் என்றும் சொல்லும். ஆகவே அது கீழ்நோக்கிய ஏளனமாகவும் மேல்நோக்கிய அச்சமாகவும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. 1903இல் ரஷ்யாவில் வெளியான, யூத மூப்பர்களின் சதித்திட்டம் என்று சொல்லப்பட்ட ஆவணம் போலி என்பதை லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் 1921லேயே வரிக்குவரி காட்டிவிட்டது. ஆயினும் அதன் கருத்துகள் இன்றும் வாட்ஸ்அப் செய்தியாக வந்து விழுகின்றன. கொள்ளை நோய் வந்தாலும் விலைவாசி ஏறினாலும் 'பின்னால் இருப்பது யார் தெரியுமா?' என்று தொடங்கும் செய்திகளில் பாதி, அந்தப் பழைய போலி ஆவணத்தின் பேரப்பிள்ளைகள்.

இஸ்ரேல் அரசை விமர்சித்தால் அது யூத வெறுப்பாகிவிடுமா?

ஆகாது. பல நாடுகள் ஏற்றுக்கொண்டதும், சட்டமாகக் கட்டுப்படுத்தாததுமான, பன்னாட்டு ஹோலோகாஸ்ட் (நாஜிக்கள் நடத்திய யூதப் படுகொலை) நினைவுக் கூட்டமைப்பின் 2016ஆம் ஆண்டு வரையறையே, வேறெந்த நாட்டையும் விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சிப்பதை யூத வெறுப்பாகக் கருத முடியாது என்று கூறுகிறது. அந்த வரையறையின் எடுத்துக்காட்டுகள் விமர்சனத்தின் வாயை அடைக்கப் பயன்படுகின்றன என்று கருதிய அறிஞர்கள் 2021இல் எருசலேம் அறிவிப்பு என்ற மாற்று வரையறையை வெளியிட்டார்கள். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அது நடக்கத்தான் வேண்டும்.

காசாவில் இறந்த குழந்தைகளுக்காக அழுவதும், ஒரு பிரதமரின் போர்க்கொள்கையைக் கண்டிப்பதும் மனிதநேயம். ஆனால் அந்தக் கோபத்தோடு மியூனிக்கின் மழலையர் பள்ளிச் சுவரில் வண்ணம் பீய்ச்சுவதும், கீவ் நகரிலிருந்து வந்து குடியேறிய ஒரு கிழவியை நிறுத்தி 'உங்கள் அரசு செய்ததற்குப் பதில் சொல்' என்பதும் வெறுப்பு. அவர் அந்த அரசுக்கு வாக்களித்தவரே அல்ல. ஊரில் ஒருவன் செய்த பிழைக்கு அவன் சாதியார் அனைவரையும் பழிசொல்லும் வழக்கத்தை நாம் அறிவோம். அது ஏன் தவறு என்பதும் நமக்குத் தெரியும். இதுவும் அதே தவறுதான்.

ஒரு வழிபாட்டிடத்துக்கு ஏன் இவ்வளவு காவல்?

காரணங்கள் வெறும் கற்பனை அல்ல. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை மாலை, ரைகன்பாக் தெருவில் யூதச் சமூகத்தின் முதியோர் இல்லம் இருந்த கட்டடத்தின் மரப்படிக்கட்டில் யாரோ பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். நாஜிக்களிடமிருந்து உயிர்தப்பிய ஏழு பேர் அதில் மாண்டார்கள். செய்தவர் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. 1972 ஒலிம்பிக் விளையாட்டின்போது இஸ்ரேல் அணியைச் சேர்ந்த பதினொருவர் கொல்லப்பட்டதும் இந்த நகரில் தொடங்கிய தாக்குதலில்தான். புதிய மையத்துக்கு 2003 நவம்பர் 9இல் அடிக்கல் நாட்டவிருந்த நிலையில், அந்த விழாவைக் குறிவைத்துக் குண்டுவெடிப்பு நடத்தத் திட்டமிட்ட நவநாஜிக் குழுவைச் செப்டம்பரில் காவல்துறை பிடித்தது. அதன் தலைவனுக்கு 2005இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடிக்கல் குறித்த நாளிலேயே நாட்டப்பட்டது.

ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9ஆம் நாள், யூதர்களின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் அன்று, துப்பாக்கியோடு வந்தவனை ஆலயத்துக்குள் விடாமல் காத்தது ஒரு மரக்கதவு மட்டுமே. உள்ளே நுழைய முடியாத அவன் வெளியே இருவரைக் கொன்றான். இதையெல்லாம் அறிந்த பெற்றோர், பாதுகாப்புக் கதவுகளைக் கடந்து தம் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்குள் விடுகிறார்கள். காவல் வண்டி நிற்கும் பள்ளி வாசலை இயல்பு என்று எண்ணி வளரும் குழந்தையைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

சட்டம் என்ன செய்கிறது?

ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 130ஆம் பிரிவு, ஒரு மக்கள் பிரிவுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதையும் யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று மறுப்பதையும் தண்டிக்கிறது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும் குற்றம். 2018 முதல் நடுவண் அரசிலும் மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரிய மாநிலத்திலும் இதற்கெனத் தனிப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். இவையெல்லாம் தேவைதான். ஆனால் பேருந்தில் யூதர் ஒருவரின் தலைத்தொப்பியைப் பார்த்து யாரோ முணுமுணுக்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் வாய்திறப்பாரா என்பதைச் சட்டப்பிரிவு முடிவு செய்வதில்லை.

கொல்லப்பட்டவர்களை இங்கே எப்படி நினைவுகூர்கிறார்கள்?

சமுதாய மையத்தையும் ஜெப ஆலயத்தையும் நிலத்தடியில் ஒரு நடைபாதை இணைக்கிறது. 'நினைவின் பாதை' என்பது அதன் பெயர். ஓவியர் கேயோர்க் சோவான்கா-போலாக் வடிவமைத்த ஒளிரும் கண்ணாடிப் பலகைகளில், கொல்லப்பட்ட 4,500க்கும் மேற்பட்ட மியூனிக் யூதர்களின் பெயர்கள் அணியணியாக வருகின்றன. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்துப் பல வரிகளில் வரும்போது, ஒரு வீடு முழுதும் காலியானதை அந்த வரிகளே சொல்லிவிடுகின்றன. தொழுகைக்குச் செல்கிறவர்கள் இந்தப் பெயர்களைக் கடந்தே செல்லலாம். அப்பால் மேலே பிள்ளைகளின் பள்ளி மணி அடிக்கிறது.

ஐரோப்பாவின் பல நகரங்களில், கொல்லப்பட்டவர் கடைசியாக வாழ்ந்த வீட்டின் முன் நடைபாதையில் பெயர் பொறித்த சிறு பித்தளைக் கற்களைப் பதிக்கிறார்கள். மியூனிக் நகர மன்றம் பொது இடங்களில் அதற்கு இசையவில்லை. உயிரோடு இருந்தபோது மிதிபட்டவர்களின் பெயர்களை மீண்டும் காலடியில் வைக்கக் கூடாது என்று க்னோப்லோக் வாதிட்டார். தம் குடும்பத்தாருக்கு அந்தக் கற்களே வேண்டும் என்று கேட்ட யூதர்களும் உண்டு; அவர்களுடைய வேதனையையும் நான் மதிக்கிறேன். ஆயினும், தாளில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழகிய நமக்கு அம்மையாரின் வாதம் சட்டென்று புரியும். 2018 முதல் மியூனிக்கில் சுவர்ப் பலகைகளாகவும் கண்ணெதிரே நிற்கும் தூண்களாகவும் நினைவுச் சின்னங்கள் வைக்கப்படுகின்றன.

தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

கண்டிப்பான ஆசிரியரை, வீட்டில் அதட்டும் அப்பாவை 'ஹிட்லர்' என்று சொல்லிச் சிரிப்பது நம் பேச்சில் சாதாரணம். நானும் சொல்லியிருக்கிறேன். 'நாட்டைத் திருத்த ஒரு ஹிட்லர் வர வேண்டும்' என்று தேநீர்க்கடையில் ஒருவர் சொன்னால் யாரும் அதிர்வதில்லை. அந்த நடைபாதையில் பெயர்களைப் படித்துவிட்டு வந்தபின் என்னால் அச்சொல்லை அப்படிப் பயன்படுத்த முடியவில்லை. ஒழுங்குக்கும் கண்டிப்புக்கும் அடையாளமாக நாம் நினைக்கும் அந்த மனிதனின் ஒழுங்கு, ரயில் அட்டவணை போட்டு முதியவர்களைக் கொல்ல அனுப்பிய ஒழுங்கு.

நம் வீட்டு வாசலில் மங்கலத்துக்காக இடும் ஸ்வஸ்திக் பற்றியும் கேட்பார்கள். அதன் பொருள் வேறு, வரலாறு வேறு என்பது உண்மையே. இருந்தாலும் மியூனிக்கில் குடியேறியவர்கள் பொதுவாசலில் அதை வரையாமல் பூசையறைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டில் யார் வாழ்கிறார், எதைப் பார்த்து வளர்ந்தார் என்பது நமக்குத் தெரியாது.

யூதர் அல்லாதவர்கள் உள்ளே செல்ல முடியுமா?

முடியும். அருங்காட்சியகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. ஜெப ஆலயத்தை, முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் பார்க்கலாம். அடையாள அட்டை அவசியம். பைகளைச் சோதிப்பார்கள், அதற்கு முகம் சுளிக்க வேண்டாம். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள் என்பதால் அப்போது சுற்றிக்காட்டமாட்டார்கள். நேரம் இருப்பவர்கள் ரைகன்பாக் தெரு வரை நடந்து செல்லலாம். நீண்ட சீரமைப்புக்குப் பின் அங்குள்ள பழைய ஆலயம் 2025 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. சதுக்கத்துக்கு மட்டும் முன்பதிவும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் போனால், முதுகுப் பைகளோடு பிள்ளைகள் கற்சுவரை உரசிக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்கலாம்.